மாதிரிக்கு ஒரு முழங்கை

செக்காலைச் சாலையில் என் கடைப் பலகை:
டீ-டேன் தொள்ளாயிரம், ப்ளீச் ஐந்நூறு.
வெயிலைக் கழற்றித்தான் பிழைக்கிறேன்
பதினோரு வருஷமாய்.
வெயிலைப் பூசிவிடச் சொல்லி ஒருவரும் வந்ததில்லை,
கானாடுகாத்தானில்
அந்த சினிமா வேன்கள் வந்து நிற்கும் வரை.

என் பெயர் சிகப்பி.
பெயரைக் கேட்டுவிட்டு முகத்தைப் பார்ப்பவர்கள்
ஒரு நொடி தாமதிப்பார்கள்.
அந்த நொடி எனக்குப் பழக்கம்.

கதாநாயகி மன்ரீத், சண்டிகர்.
படத்தில் அவள் செங்கல் சூளைக்காரி.
"கறுக்கணும், ஆனா அழகா கறுக்கணும்"
என்றார் இணை இயக்குநர்.
அவள் ஊரில் விளக்குப் பெட்டிக்குள் படுத்துக்
கறுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்களாம்.
இங்கே பெட்டி வரவில்லை,
பாட்டில் மட்டும்.

எவ்வளவு கறுப்பு? என்று கேட்டேன்.
யோசித்தார்.
மெஸ்ஸில் அண்டா கழுவிக்கொண்டிருந்த முத்துராக்குவை
ஈரக் கையோடு கூட்டி வந்தார்கள்.
"இந்த முழங்கை. இதுதான் ரெஃபரென்ஸ்."

ஏசி அறை. ஆத்தங்குடித் தரையில் கறை விழாமல்
பிளாஸ்டிக் விரிப்பு.
சோளக்கொல்லை பொம்மைபோல் கைவிரித்து மன்ரீத்.
பாட்டில் முதுகின் பொடி எழுத்தை
போனில் பெரிதாக்கிப் படித்தேன்.

தண்ணீர், கிளிசரின்.
டைஹைட்ராக்ஸி அசிட்டோன்:
வாய்க்குள் நுழையாத இது
தேடிப் பார்த்தால் ஒரு சர்க்கரை.
உயிருள்ள தோலோடு அதற்குப் பேச்சில்லை.
மேலே செத்துக் கிடக்கும் ஏட்டைத்தான் பிடித்துப்
பழுப்பாக்கும்,
கந்தரப்பம் எண்ணெயில் நிறம் ஏறுவதுபோல,
அடுப்பு இல்லாமல்.
அப்புறம் கேரமல், வால்நட் ஓட்டுச் சாறு, கற்றாழை.
டைரோசின்,
எதற்கென்று பாட்டிலுக்கே நிச்சயமில்லை.
தேங்காய் என்று பெயரிட்ட ஒரு வாசனை;
அது எதை மூடி வைத்திருந்தது என்பது
மூன்று மணி நேரம் கழித்துத் தெரிந்தது:
நமத்த பிஸ்கட், நனைந்த நாய்.
எல்லாவற்றுக்கும் அடியில்,
எறும்பைவிடச் சின்னதாய்,
இதில் வெயில் காப்பு கிடையாது.

ஒவ்வொரு பூச்சுக்கும் ஒப்பிட
முத்துராக்கு பக்கத்தில் இருக்க வேண்டும்.
நாற்காலி நுனியில் உட்கார்ந்து
யாருடைய கையையோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல்
தன் கையை நீட்டியிருந்தாள்.

"இது என்ன வெலக்கா?"
நாலாயிரத்து இருநூறு.
இந்தக் கையைப் பார்த்தாள், மடியிலிருந்த
அந்தக் கையைப் பார்த்தாள்.
"அப்ப ரெண்டு கைக்கு?"

நான் சிரித்துவிட்டேன். மன்ரீத்துக்கு
மொழிபெயர்த்துச் சொன்னார்கள், அவளும் சிரித்தாள்.
அன்று இரவு வீடியோவில் அவளைப் பார்த்த அவள் அம்மா
பேசாமல் போனை வைத்துவிட்டாளாம்.
மறுநாள் அதையும் சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்து
பாதியில் நிறுத்தினாள்.

முட்டியும் கணுக்காலும் அதிகம் குடித்துவிட்டன.
ஏழாம் நாள் தோள்பட்டை
திட்டுத் திட்டாய் உதிரத் தொடங்கியது,
கன்டின்யூட்டி என்று ஒருவர் கத்தினார்.
மறுபடி பூச்சு, மறுபடி முழங்கை.
சூளைக் காட்சியில் அவள் தலைக்கு மேல் குடை.
பின்னால், ஃபோகஸுக்கு வெளியே,
செங்கல் சுமந்து போன நாலு பேரில்
ஒருத்தி முத்துராக்கு.

கடைசி நாள் மேனேஜர் எழுதிய சீட்டை
வாசித்துச் சொல்லும்படி என்னிடம் நீட்டினாள்.
பாத்திரம், நானூற்றைம்பது.
கூட்டத்தில் நடந்தது, முந்நூறு.
கை, ஐம்பது.
"நாளைக்கா, மொத்தத்துக்கா?"
சீட்டில் அது இல்லை.

முதல் நாள் கையுறை மாட்ட மறந்திருந்தேன்.
என் உள்ளங்கை இரண்டும்
செம்மண் பிசைந்ததுபோல் ஆரஞ்சு.
கடைக்குத் திரும்பினால்
பள்ளத்தூர்க் கல்யாணப் பெண் காத்திருக்கிறாள்,
கழுத்தில் வெயிலோடு.
"என்னக்கா கையில, மருதாணியா?"
ஆமாம் என்றேன்.
தொள்ளாயிரத்துக்குப் பசை குழைத்தேன்.